அம்மாவுக்குக் கட்டில்: மூன்றடி அகலமா, நான்கடியா?

மாசிவீதி

வணக்கம். அம்மாவுக்கு வயது 72, இனிமேல் தனியாகத்தான் படுக்கை. இப்போது இருப்பது ஆறரைக்கு ஆறு தேக்குக் கட்டில். அடியில் சாமான் வைக்கிற பெட்டி மாடல். பலகை மட்டம் தரையிலிருந்து 16 அங்குலம், அதன் மேல் 8 அங்குல ஃபோம் மெத்தை. அம்மா உயரம் ஐந்தடி, எடை 61 கிலோ. இரண்டு முட்டியிலும் தேய்மானம், இடது பக்கம் கூடுதல். தடி இல்லாமல் நடக்கிறார். இரவில் இரண்டு முறை பாத்ரூமுக்கு எழுந்திருப்பார்.

அறை 10க்கு 11 அடி. கிழக்கு மேற்காக 10. பாத்ரூம் கதவு மேற்குச் சுவரில், வடமேற்கு மூலையை ஒட்டி. அறைக் கதவு வடக்குச் சுவரில், கிழக்கு ஓரம். 20 அங்குல ஆழத்தில் ஒரு பீரோ இருக்கிறது. பெரிய கட்டிலும் பீரோவும் போக நடக்க மிஞ்சுவது இரண்டடிச் சந்துதான்.

கடையில் "ஆறரைக்கு நாலு வாங்கிடுங்க, வசதியா இருக்கும்" என்கிறார்கள். சித்தப்பா "வயசானவங்களுக்கு மூணடி போதும்" என்கிறார். எது சரி? பழைய கட்டிலையே அறுத்துச் சின்னதாக்க முடியுமா? மெத்தையையும் வெட்டலாமா?

பிசியோ_திருச்சி

அகலத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உங்கள் பதிவில் முதலில் உறுத்துவது 16 + 8 = 24 என்கிற கணக்கு. ஐந்தடி உயரமுள்ளவர் 24 அங்குல மெத்தை விளிம்பில் உட்கார்ந்தால் பாதம் தரையில் பதியாது, விரல் நுனிதான் தொடும். இடுப்பைச் சறுக்கிச் சறுக்கி முன்னால் வந்து, கடைசி நாலைந்து அங்குலம் தொப்பென்று இறங்குவார். தூக்கக் கலக்கத்தில் விழுவதற்கு இதைவிட வசதியான இடம் வேண்டாம்.

கெட்டியான நாற்காலியில் வெறுங்காலோடு உட்காரவைத்து, முட்டிக்குப் பின்னால் உள்ள மடிப்பிலிருந்து தரைவரை டேப் பிடித்து அளங்கள். இந்த உயரக்காரர்களுக்குப் பெரும்பாலும் 15, 16 அங்குலம் வரும். முட்டி நன்றாக இருந்தால் அந்த உயரமே போதும். தேய்மானம் இருப்பதால் ஒன்றிலிருந்து இரண்டு அங்குலம் கூட்டுங்கள். இருக்கை தாழ்ந்தால் முட்டி அதிகமாக மடங்கி, எழும் பாரம் முழுக்க அதன்மேல் ஏறும். ரொம்ப ஏற்றினால் மேலே சொன்ன தொங்கல். கவனம், இது மெத்தையில் உட்கார்ந்த பிறகு இருக்க வேண்டிய உயரம். விளிம்பு அமுங்குவது மெத்தைக்கு மெத்தை மாறும்: கெட்டியான தென்னைநாரில் ஓர் அங்குலம், மெத்துமெத்தென்ற ஃபோமில் மூன்றுகூடப் போகும்.

வாங்குவதற்கு முன் வீட்டிலேயே சோதிக்கலாம். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அதன் மேல் பலகைத் துண்டுகளை ஒவ்வொரு அங்குலமாக ஏற்றுங்கள். ஒவ்வொரு உயரத்திலும் கையை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். பக்கத்திலேயே ஒருவர் நிற்க வேண்டும். மூன்றாவது தடவையே கை தானாகத் தொடையில் ஊன்றப் போனால் உயரம் பத்தவில்லை. குதிகால் தரையை விட்டு எழும்பினால் உயரம் அதிகம்.

பெட்டி மாடல் இன்னொரு தொல்லை. உட்கார்ந்திருப்பவர் எழ வேண்டுமானால் பாதத்தை முட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். நீங்களே நாற்காலியில் பாதத்தை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு எழுந்து பாருங்கள், முடியாது. பெட்டிக் கட்டிலில் குதிகால் பலகையில் முட்டி நின்றுவிடும். பின்னால் போக இடமில்லாததால் கையால் உந்தித்தான் எழுவார்கள். விளிம்புக்கு அடியில் ஆறு அங்குலமாவது ஆழமும், பாதம் நுழையும் உயரமும் வேண்டும்.

இப்போது அகலம். தரையில் பாயை விரித்து, அவர் வழக்கமாகப் படுக்கிற மாதிரி ஒருக்களித்து, முட்டியை மடக்கிப் படுக்கச் சொல்லுங்கள். தரையிலிருந்து எழ முடியாதவர் என்றால் இப்போதிருக்கும் கட்டிலிலேயே செய்யலாம். முதுகுக்குப் பின்னால் ஒரு கோடு, முட்டிக்கு முன்னால் ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவே 24 முதல் 28 அங்குலம் இருக்கும். கூடவே ஒவ்வொரு பக்கமும் ஆறு அங்குலம் வேண்டும், ஏனென்றால் புரளும்போது யாரும் இருந்த இடத்திலேயே சுழல்வதில்லை, பக்கவாட்டில் நகர்ந்துதான் திரும்புவார்கள். ஆக 36 முதல் 40. இரண்டரை அடி திவான் இந்தக் காரணத்தால்தான் ஆகாது. முட்டி வெளியே நீட்டும், விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் ராத்திரி முழுக்க ஒரே பக்கமாகப் படுப்பார்கள், காலையில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். மூன்றடி விளிம்பில் நிற்கிற அளவு. என் கணக்குக்கு நான்கடி.

நீளத்துக்கு உயரத்தோடு எட்டு, பத்து அங்குலம் கூட்டினால் போதும். ஐந்தடிக்கு ஆறடிக் கட்டிலே தாராளம்.

இரவுப்பணி

வீட்டோடு முதியோரைக் கவனிக்கும் வேலையின் பக்கமிருந்து சொல்கிறேன். திருச்சிக்காரர் சொன்ன உயரக் கணக்கு அத்தனையும் சரி. நான்கடிக்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இன்றைக்கு அம்மா தானே எழுகிறார். நாளைக்கு ஒரு காய்ச்சலில் நாலு நாள் படுத்துவிட்டால்? கட்டில் சுவரோடு ஒட்டியிருந்து, அவர் சுவர்ப் பக்கம் படுத்திருந்தால், உதவி செய்பவர் நான்கடி தாண்டிக் குனிய வேண்டும். முடியாமல் ஒரு முட்டியைக் கட்டிலில் ஊன்றுவார், மெத்தை அமுங்கும், இரண்டு பேரும் சாய்வார்கள். மூன்றடியில் கை எட்டும்.

விரிப்புக் கணக்கும் பாருங்கள். சாதாரண ஒற்றைப் படுக்கை விரிப்பு 60க்கு 90 அங்குலம். 36 அகலம், 5 அங்குலக் கனம் உள்ள மெத்தைக்கு மேல்பக்கம் 36, இரண்டு பக்கவாட்டுக்கும் 10, மொத்தம் 46. மிச்சம் 14, பக்கத்துக்கு 7 அங்குலம் அடியில் செருகலாம், நிற்கும். 48 அகலம் என்றால் 58 போய்விடும், செருக ஒரே அங்குலம். ராத்திரி புரண்டதும் சுருண்டு வரும், அந்தச் சுருக்கம்தான் காலில் மாட்டும். அப்புறம் 90 அங்குல இரட்டை விரிப்பு வாங்க வேண்டும். நனைந்த இரட்டை விரிப்பைப் பிழிந்து கொடியில் போடுவது 72 வயதில் எப்படி இருக்கும் என்று அவரையே கேளுங்கள்.

படுக்கைப் புண் வராமல் போடுகிற காற்று மெத்தை பெரும்பாலும் மூன்றடி அகலத்துக்குத்தான் வருகிறது. நான்கடி மெத்தைமேல் போட்டால் ஒரு பக்கமாக நழுவும்.

ஒன்று செய்யாதீர்கள். "எதுக்கும் இருக்கட்டும்" என்று இப்போதே மருத்துவமனைக் கட்டில் வாங்காதீர்கள். தேவைப்படும்போது வாடகைக்குக் கிடைக்கும். நடமாடுகிற ஆளை நோயாளிக் கட்டிலில் படுக்கவைத்தால் மனசு முதலில் படுத்துவிடும்.

பக்கத் தடுப்புக் கம்பியும் வேண்டாம். நினைவு தெளிவாக இருப்பவருக்கு அது தேவையில்லை. குழப்பம் உள்ளவர் அதன்மேல் ஏறி இறங்கப் பார்ப்பார், விழுகிற உயரம்தான் கூடும். கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவே தலையோ கழுத்தோ சிக்குகிற ஆபத்தும் உண்டு. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2006இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தலை நுழையக்கூடிய இடைவெளிகள் 120 மி.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும் என்றது. கடைகளில் விற்கும் மாட்டல் கம்பிகளை அளந்து பார்த்தால் பல அதில் தேறாது. சுவருக்கும் மெத்தைக்கும் உள்ள சந்துக்கும் இதே எச்சரிக்கை. ஒட்டினால் முழுக்க ஒட்டுங்கள், இல்லையேல் ஆள் நடக்கிற அளவு தள்ளிப் போடுங்கள். நாலு அங்குலச் சந்து வேண்டவே வேண்டாம்.

பிசியோ_திருச்சி

விரிப்புக் கணக்கு நியாயம்தான். ஆனால் வரலாம் வராமலும் போகலாம் என்கிற நாலு நாள் காய்ச்சலுக்காகத் தினமும் வருகிற இரவைக் குறுக்க வேண்டுமா? மூன்றடியில் பயத்தோடு படுப்பவர் புரளவே மாட்டார்.

இரவுப்பணி

புரளாததற்கு அகலம் மட்டுமா காரணம்? உள்ளே அமுங்குகிற மெத்தையில் ஆறடி அகலம் கொடுத்தாலும் புரள முடியாது. குழிக்குள்ளிருந்து ஏறித் திரும்ப வேண்டும்.

தோபாயோ

நடுவில் ஓர் அளவு இருக்கிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கடையில் தயாராகவே கிடைக்கும், 'சூப்பர் சிங்கிள்' என்று பெயர். 107க்கு 190 செ.மீ., அதாவது 42 அங்குலம் அகலம், 75 அங்குலம் நீளம். சின்ன அறையில் ஒற்றை ஆளுக்கு இங்கே பலரும் எடுப்பது இதைத்தான். ஊரில் தயாராகக் கிடைக்காவிட்டாலும், மெத்தைக்காரர்கள் அளவு கொடுத்தால் வெட்டித் தைத்துத் தருவார்கள். 42க்கு அந்த 60 அங்குல விரிப்பே பக்கத்துக்கு 4 அங்குலம் செருகக் கிடைக்கும். கொஞ்சம் இறுக்கம்தான், ஆனால் முடியும். நான்கு முனையிலும் எலாஸ்டிக் பட்டை தைத்துவிட்டால் நகராது.

மாசிவீதி

எல்லோருக்கும் நன்றி. அளந்துவிட்டேன். முட்டி மடிப்பு உயரம் 15½. நாற்காலிச் சோதனையில் 16இல் நான்காவது முறை கை ஊன்றினார். 17இல் ஐந்து முறையும் எழுந்தார். 19இல் குதிகால் தூக்கியது. முதுகுக் கோட்டுக்கும் முட்டிக் கோட்டுக்கும் நடுவே 27 அங்குலம்.

42 எனக்கும் பிடித்திருக்கிறது. அறுக்கிற விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தலைமாட்டுப் பலகையில் தாமரை, அன்னம் எல்லாம் செதுக்கியது. அதை வெட்ட அம்மா சம்மதிக்க மாட்டார்.

உளிச்சத்தம்

அறுக்கலாம். தேக்கு என்றால் அறுப்பதுதான் புத்திசாலித்தனம். அதை விற்கப் போனால் விறகு விலைதான் சொல்வார்கள்.

நீளத்தில் கைவைக்காதீர்கள். ஆறரை அடியாகவே இருக்கட்டும், இரண்டு பக்கச் சட்டமும் அப்படியே உதவும். மாறுவது அகலமும் உயரமும் மட்டும்.

தலைமாட்டுப் பலகையை வெட்டவே வேண்டாம். நடுவில் அறுத்து ஒட்டினால் செதுக்கல் பொருந்தாது. இரண்டு ஓரத்திலும் சமமாக எடுக்கலாம் என்றால் கால் கட்டைகளைக் கழற்றிப் புதிதாகத் துளையடித்து நாக்கு செருக வேண்டும், பழைய மரத்தில் அந்த இடம் பிளக்கும். அதனால் முழுப் பலகையையும் இருக்கிற அகலத்திலேயே சுவரில் தக்கை அடித்து நாலு திருகாணியால் நிறுத்திவிடுங்கள். புதுச் சட்டம் அதன் ஒரு பக்கமாக வந்து உட்காரட்டும். கட்டில் வெளி அளவு 45 வரும், அதாவது மெத்தை 42, இரண்டு பக்கமும் ஒன்றரை ஒன்றரை. பலகை 75 என்றால் 30 அங்குலம் பக்கத்தில் மிஞ்சும். அந்த இடத்தில் 18 அங்குல முக்காலி போட்டால் தண்ணீர்ச் செம்பு, டார்ச், கண்ணாடி, மாத்திரை டப்பா எல்லாவற்றுக்கும் இடம் ஆயிற்று. முக்காலி உயரம் மெத்தை உயரமே இருக்கட்டும், படுத்தபடி கை நீட்டினால் எட்டும்.

தலைமாட்டுப் பலகை சுவரோடு போய்விடுவதால் தலைப்பக்கம் தனியாக இரண்டு கால் வேண்டும். பெட்டியைப் பிரிக்கும்போது கிடைக்கும் மரத்திலேயே வரும். கால் மூன்றங்குலச் சதுரம் இருக்கட்டும். பழைய பெரிய கட்டிலில் நடுவே ஓடுகிற முதுகுச் சட்டமும் அதன் நடுக்காலும் இனி தேவையில்லை. அதற்குப் பதில் குறுக்கே ஐந்து சட்டம் போட்டால் 13 அங்குலத்துக்கு ஒன்று விழும், அதன்மேல் 12 மி.மீ. பிளைவுட் போதும். எட்டுக்கு நாலு அடி ஷீட் ஒன்றிலேயே 78க்கு 42 ஒட்டுப்போடாமல் வெட்டிவிடலாம். ஆறடிக் கட்டிலில் இரண்டு ஷீட் சேருமிடத்தில் கிறீச் கிறீச் என்று சத்தம் வருமே, அந்தத் தொல்லையும் போயிற்று. பிளைவுட்டில் ஓர் அங்குலத் துளை அங்கங்கே போடுங்கள், பதினைந்து இருபது இருக்கட்டும். துளை இல்லாவிட்டால் மெத்தை அடியில் வியர்வை ஈரம் நின்று மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும்.

உயரத்துக்கு வருவோம். உட்கார்ந்தால் 17 வேண்டும் என்கிறீர்கள். 5 அங்குலக் கெட்டி மெத்தை, ஓர் அங்குலம் அமுங்கும் என்று வைத்தால், பிளைவுட் மட்டம் தரையிலிருந்து 13. பக்கப் பலகையை ஆறு அங்குலமாகக் கிழித்து, அதன் மேல்விளிம்பு பிளைவுட்டைவிட ஓர் அங்குலம் மட்டும் உயர்ந்திருக்கட்டும். அடியில் 8 அங்குலம் காலி. பாதம் நுழையும், விளக்குமாறும் நுழையும். சிலர் மெத்தை நகராமலிருக்க மேல்விளிம்பை மூன்று நாலு அங்குலம் தூக்கிவிடுகிறார்கள். மெத்தை அமுங்கியதும் அந்த விளிம்பு தொடையின் பின்பக்கத்தில் வெட்டும். விளிம்பு மூலையை உளியால் கொஞ்சம் சாய்த்து மழுக்கிவிடச் சொல்லுங்கள்.

சக்கரம் போட வேண்டாம். பூட்டுச் சக்கரம் என்றாலும் டைல்ஸில் நகரும்.

இணைப்பில் இரும்புக் கொக்கி பழையது தேய்ந்திருந்தால் புதிது மாட்டுங்கள். ஆடுகிற கட்டிலில் கையூன்றி எழுபவருக்கு அடுத்த முறை நம்பிக்கை போய்விடும்.

பஞ்சுமூட்டை

மெத்தையை வெட்டாதீர்கள். ஸ்பிரிங் என்றால் வெட்டவே முடியாது, ஃபோமும் நாரும் வெட்டலாம். ஆனால் இரண்டு பேர் பல வருடம் படுத்த ஆறடி மெத்தையைக் குறுக்கே நூல் பிடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் மேடு. 72இல் அந்த மேடு 36இல் நிற்கும். எந்த ஓரத்திலிருந்து 42 எடுத்தாலும் மேடு விளிம்பிலிருந்து ஆறு அங்குலத்தில் வந்துவிடும். அம்மா பள்ளத்தில் படுத்து மேடு ஏறி இறங்க வேண்டும். அதோடு 8 அங்குலக் கனம் உங்கள் உயரக் கணக்கையே கெடுத்துவிடும்.

புதிது எடுங்கள். 4 அங்குலம் ரப்பர் பூசிய தென்னைநார், மேலே ஓர் அங்குலம் ஃபோம் அல்லது லேடெக்ஸ். வெறும் நார் ஒல்லியான முதியவருக்கு இடுப்பெலும்பிலும் தோளிலும் உறுத்தும், அந்த மேல் அங்குலம் அதற்குத்தான். மெமரி ஃபோம் மதுரை வெயிலுக்குச் சூடு, அதோடு உடம்பை உள்ளே வாங்கிக்கொள்ளும். இரவுப்பணி சொன்ன குழி அதுதான். இலவம்பஞ்சு குளிர்ச்சி. ஆனால் விளிம்பு நிற்காது, கட்டி தட்டும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரித்துப் பஞ்சடிக்க வேண்டும், விளிம்பில் உட்கார்ந்தால் முன்பக்கம் சரியும்.

முழு ஃபோம்தான் வேண்டுமென்றால் 40 டென்சிட்டி, அதாவது கன மீட்டருக்கு 40 கிலோ, கேளுங்கள். சொன்னது கொடுத்ததா என்று எடை போட்டால் தெரிந்துவிடும். 78க்கு 42க்கு 5 அங்குலம் என்பது ஒரு கன மீட்டரில் 0.27 பங்கு. 40 என்றால் உறை நீங்கலாகப் பத்தரை கிலோவுக்குக் குறையக் கூடாது. எட்டரை கிலோ காட்டினால் அது 32.

கடையில் மெத்தையின் நடுவில் படுத்துப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். நீங்கள் அம்மாவை விளிம்பில் ஐந்து நிமிடம் உட்காரவையுங்கள். ஐந்து நிமிடத்தில் இடுப்பு தானாக முன்னால் வழுக்கியிருந்தால் அந்த மெத்தை வேண்டாம். மெத்தை அளவைக் கட்டிலின் உள் அளவுக்குக் கொடுங்கள். வெளி அளவு கொடுத்துவிட்டுத் திணிக்கப் பார்த்தால் நடுவில் வில்லாகக் கிளம்பும்.

கால்மிதி

எல்லாரும் அங்குலத்தில் இருக்கிறீர்கள், யாரும் கேட்காத ஒன்று. அம்மா இத்தனை வருடம் அந்தக் கட்டிலில் எந்தப் பக்கம் படுத்தார், எந்தப் பக்கம் இறங்கினார்?

பெரிய கட்டிலில் ஆளுக்கொரு பக்கம் உண்டு. முப்பது நாற்பது வருடம் ஒரே பக்கம் இறங்கியவருக்கு நடுராத்திரியில் உடம்பு தானாக அந்தப் பக்கம்தான் திரும்பும். அந்தப் பக்கம் சுவரை வைத்துவிட்டால் முதல் சில வாரம் சுவரில்தான் முட்டுவார்.

மெத்தை விரிப்பும் தரையும் ஒரே நிறமாக வேண்டாம். வெள்ளை டைல்ஸில் வெள்ளை விரிப்பு என்றால் மங்கலான வெளிச்சத்தில் விளிம்பு எங்கே முடிகிறதென்று தெரியாது. கட்டிலுக்குக் கீழே போடுகிற கால்மிதியை எடுத்துவிடுங்கள் (என் பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்). கொசுவலையும் அப்படித்தான், செருகின வலையில் கால் மாட்டி விழுபவர்கள் உண்டு. ஜன்னலுக்கு வலை அடித்துவிட்டால் கட்டிலுக்குத் தேவைப்படாது.

மாசிவீதி

கால்மிதி, நல்ல நேரத்தில் கேட்டீர்கள். அம்மாவைக் கேட்டேன். எப்போதும் வலது கைப்பக்கம்தான் இறங்குவாராம். நான் போட்டிருந்த திட்டம் கிழக்குச் சுவரோடு கட்டில், தெற்கே தலை, பாத்ரூம் மேற்கில் என்பதால் அந்தப் பக்கம் இறங்கட்டும் என்று. அப்படிப் படுத்தால் வலது கைப்பக்கம் சுவர்! தலையை வடக்கே மாற்றினால் சரியாகிவிடும், ஆனால் வடக்கே தலை வைக்கச் சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பிசியோ_திருச்சி

தலை தெற்கிலேயே இருக்கட்டும். கட்டிலை மேற்குச் சுவரோடு போடுங்கள், பீரோ கிழக்குச் சுவருக்குப் போகட்டும். வலது கைப்பக்கம் கிழக்கு, அது திறந்திருக்கும். 120 அங்குலத்தில் கட்டில் 45, பீரோ 20 போக 55 அங்குலம் நடக்க இருக்கிறது. பின்னால் நடைச்சட்டம் (வாக்கர்) வந்தாலும் தாராளம். தெற்கு வடக்கில் 132, கட்டில் நீளம் 81 வரை வரும், கால்மாட்டில் 51 அங்குலம் மிச்சம். பாத்ரூம் கதவு அந்த இடைவெளியில்தானே விழுகிறது? கிழக்கே இறங்கி, கட்டிலை ஒட்டியே வடக்கே நாலு எட்டு, இடது பக்கம் திரும்பினால் கதவு.

எழும் முறையையும் பழக்கிவிடுங்கள். முட்டி இரண்டையும் மடக்கி, உடம்பை மொத்தமாக வலது பக்கம் உருட்டி, இரண்டு காலையும் முட்டிக்குக் கீழே விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, அதே நேரத்தில் வலது முழங்கையாலும் இடது உள்ளங்கையாலும் மெத்தையை அழுத்தி உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் ஒரு நிமிடம் அப்படியே. எழுந்தவுடன் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுவது இந்த வயதில் சகஜம், பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் இரண்டு நிமிடம். பிறகு பாதத்தைப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வருகிற அளவு முன்னால் குனிந்து, எழ வேண்டும். இடது முட்டி மோசம் என்பதால் வலது பாதம் சற்றுப் பின்னால் இருந்தால் பாரம் நல்ல காலுக்குப் போகும்.

மாசிவீதி

ஆம், கதவு அந்த இடைவெளியில்தான், கால்மாட்டைத் தாண்டியதும். உளிச்சத்தம் அண்ணே, அப்படியானால் கால்மாட்டுப் பலகையை என்ன செய்வது? இப்போது தரையிலிருந்து 32 அங்குலம் இருக்கிறது. பார்வைக்குத் தாழ்வாக வெட்டிவிடலாமா?

உளிச்சத்தம்

வெட்டாதீங்க. அகலத்தில் மட்டும் 45க்குக் குறையுங்கள். அதில் செதுக்கல் இருந்தால் நடுத் துண்டை வைத்துக்கொண்டு இரண்டு ஓரத்தை எடுங்கள், இரண்டு காலையும் உள்ளே தள்ளி, துளை பழைய இடத்திலிருந்து மூன்று அங்குலமாவது விலகியிருக்கப் புதிதாக எடுக்க வேண்டும். உயரத்தைத் தொடாதீர்கள். இறங்கி நடக்கிற அம்மாவுக்குத் திரும்புகிற இடத்தில் கையில் படுவது அந்தப் பலகைதான். 32 அங்குலம் ஐந்தடி ஆளுக்குச் சரியான பிடி. மேல் விளிம்பு கை முழுக்கச் சுற்றிப் பிடிக்கிற உருட்டாக, ஒன்றரை அங்குலக் கனத்தில் இருக்கிறதா பாருங்கள். தட்டைப் பலகை என்றால் மேலே ஓர் உருட்டுக் கட்டையைத் திருகிவிடலாம்.

அந்தப் பிடியை நம்பி எடை போடுவார் என்பதால் கட்டில் அசையவே கூடாது. தலைப்பக்கக் கால் இரண்டையும் சுவரில் நிற்கிற அந்தத் தாமரைப் பலகையோடு எல் தகடு வைத்து இறுக்கிவிடுங்கள். வேலை முடிந்ததும் ஆசாரியை அனுப்புவதற்கு முன்னால் கால்மாட்டைப் பிடித்து நீங்களே முழு பலத்தோடு ஆட்டிப் பாருங்கள்.